குழந்தையின் தோலில் மருவும் மொலஸ்கமும்: எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

கேட்டவர் ஒரு தாய். ஐந்து வயது மகளுக்கு வயிற்றிலும் அக்குளை ஒட்டியும் முத்து முத்தாக இருபதுக்கு மேல் சிறு முளைகள். வலி இல்லை, எப்போதாவது அரிக்கிறது. ஒன்பது வயது மகனுக்கு விரல்களில் சொரசொரப்பாக மூன்று, உள்ளங்காலில் ஒன்று. ஓடினால் வலிக்கிறது என்கிறான். ஒரு மருத்துவர், "ஒன்றும் செய்யாதீர்கள், தானாகப் போய்விடும்" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர், "பரவுவதற்குள் எல்லாவற்றையும் சுட்டுவிடலாம்" என்றார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சரி. ஆனால் இருவருமே இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே பதிலைச் சொன்னதில்தான் பிழை. உங்கள் மகளுக்கு இருப்பது ஒரு நோய், மகனுக்கு இருப்பது வேறொரு நோய். வைரஸும் வேறு, அது தோலில் குடியிருக்கும் விதமும் வேறு, அதனால் மருந்தும் வேறு.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. இரண்டையும் பாலுண்ணி என்பவர்கள் உண்டு. இரண்டையும் மரு என்பவர்களும் உண்டு. அதே மரு உள்ளங்காலில் வந்தால் கால் ஆணி என்ற பெயர் வந்துவிடுகிறது. பெயர் கலந்தால் மருந்தும் கலந்துவிடும். விரல் மருவுக்கு வாங்கிய அமிலத்தைத் தங்கையின் வயிற்று முத்துகள் மேல் தடவி, மெல்லிய தோல் வெந்துபோய் வந்த குழந்தைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதிலில் மகளுக்கு வந்ததை மொலஸ்கம் என்றும் மகனுக்கு வந்ததை மரு என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

பிரித்தறிய ஒரு கைவிளக்கு போதும். ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மொலஸ்கம் வழவழப்பான சிறு குவிமாடம் போல இருக்கும். 2 முதல் 5 மில்லிமீட்டர் அகலம், தோல் நிறம் அல்லது முத்தின் வெண்மை, மேலே ஒரு மினுமினுப்பு. பெரிதாக வளர்ந்தவற்றின் உச்சியில் தொப்புள் போல ஒரு குழி தெரியும். நசுங்கினால் உள்ளிருந்து தயிர்க்கட்டி போன்ற வெண்பொருள் வரும். அந்த வெண்பொருள் முழுக்க வைரஸ். ஆகவே நசுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். மருவோ தொட்டாலே சொரசொரக்கும். மேற்பரப்பு காலிஃபிளவர் போலப் பிளந்திருக்கும், அதில் கரும்புள்ளிகள் தெரியும். பலர் அந்தப் புள்ளிகளை மருவின் வேர் என்று நினைத்து ஊசியால் தோண்டுகிறார்கள். மருவுக்கு வேர் கிடையாது. மருவுக்குள் ஏறிய நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். மரு தோலின் மேலடுக்கைத் தாண்டி எங்கும் இறங்குவதில்லை.

முதலில் மகள்.

மொலஸ்கம் அம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைக் கேட்டதும் பயந்துவிடாதீர்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் மனிதனை மட்டுமே நம்பி வாழ்வது இந்த ஒன்றுதான். அண்ணன் ஊரையே கொன்ற கொடியவன் என்றால், தம்பி திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோக்குபவன். ரத்தத்தில் கலக்காது, காய்ச்சல் தராது, உள்ளுறுப்பு எதையும் தொடாது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பேட்மன் 1817-இல் இதை விவரித்து எழுதினார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாங்கள் தரும் முதல் அறிவுரை காத்திருங்கள் என்பதுதான்.

எவ்வளவு காலம் என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். "தானாகப் போய்விடும்" என்று கேட்ட பெற்றோர் இரண்டு வாரத்தில் போய்விடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மூன்றாவது மாதம் எண்ணிக்கை கூடியிருப்பதைப் பார்த்ததும் அந்த மருத்துவர் மேலிருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், எல்லாம் மறைய ஆன சராசரிக் காலம் 13 மாதங்கள். ஒன்றரை ஆண்டு கடந்த பிறகும் 30 சதவீதக் குழந்தைகளுக்கு இருந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகும் 13 சதவீதத்தினருக்கு இருந்தது. ஆக, உங்கள் மகளின் அடுத்த பிறந்தநாள் புகைப்படத்திலும் இவை இருக்கலாம். அது மருத்துவம் தோற்றதாகாது. நோயின் வழக்கமே அதுதான்.

இடையில் ஒருநாள் நிச்சயம் பதறுவீர்கள். இதுவரை சாதுவாக இருந்த முத்துகளில் சில திடீரென்று சிவந்து, வீங்கி, சீழ்ப்பரு போலாகும். "சீழ் பிடித்துவிட்டது, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்" என்று அன்று ஓடி வருவார்கள். பெரும்பாலும் அது சீழ் அல்ல. இத்தனை மாதம் வைரஸைக் கண்டுகொள்ளாமல் இருந்த உடலின் எதிர்ப்பாற்றல் கண்விழித்துவிட்டதன் அடையாளம். சிவந்த முத்துகள் அடுத்த சில வாரங்களில் சுருங்கத் தொடங்கும்; பின்னாலேயே மற்றவையும் உதிரும். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது, காய்ச்சல் இல்லை, சிவப்பு அந்த முத்தைச் சுற்றியே நிற்கிறது என்றால் பொறுத்திருக்கலாம். சிவப்பு நாளுக்கு நாள் அகலமாகப் படர்ந்தாலோ, தொட்டால் கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அது உண்மையான தொற்று, அன்றைக்கே காட்டுங்கள்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பொருளில்லை. மொலஸ்கம் உடம்பில் பரவுவதற்கு முக்கியக் காரணம் சொறிதல். ஒன்றைச் சொறிந்த நகம் அடுத்த இடத்தைச் சொறியும்போது வைரஸைக் கொண்டுபோய் நட்டுவிடுகிறது. வரிசையாக, கோடு போட்டதுபோல் முளைப்பது அதனால்தான். சொறிவதற்குக் காரணம் பல நேரங்களில் மொலஸ்கம்கூட அல்ல, அதைச் சுற்றித் தோல் வறண்டு உண்டாகும் கரப்பான் எனும் எக்ஸிமா. ஏற்கெனவே கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இது இரட்டிப்பு. ஆகவே மகளுக்கு நான் செய்யும் முதல் சிகிச்சை முத்துகளுக்கானது அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள தோலுக்கானது: தினம் இரண்டு வேளை வாசனையற்ற ஈரப்பதக் களிம்பு, சிவந்து அரிக்கும் இடத்தில் மருத்துவர் சொல்லும் மிதமான ஸ்டீராய்டு களிம்பு சில நாட்கள். "வைரஸ் மேல் ஸ்டீராய்டு போடலாமா?" என்று கேட்பார்கள். அரிப்பை அடக்கும் அளவுக்குச் சில நாட்கள் போடலாம். அரிப்பு நின்றால் நகம் ஓயும். நகம் ஓய்ந்தால் புதிய முத்துகள் குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவதும் மருந்துதான்.

அண்ணன் தங்கை ஒரே துண்டில் துடைக்க வேண்டாம். ஒரே தொட்டித் தண்ணீரில் குளிக்கவும் வேண்டாம். முன்பு சொன்ன அதே ஆய்வில், வீட்டில் வேறு குழந்தைகள் இருந்த குடும்பங்களில் 41 சதவீதத்தில் அந்தக் குழந்தைகளுக்கும் வந்திருந்தது. எத்தனை கவனமாக இருந்தாலும் மகனுக்கும் வரக்கூடும். வந்தால் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை; ஓராண்டுக்கு மேல் நீளும் ஒன்றுக்காகக் குழந்தையை வீட்டில் பூட்டுவது நோயைவிடப் பெரிய தண்டனை. நீச்சலுக்கும் போகலாம். வெளியே தெரியும் முத்துகளைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடிவிடுங்கள். துண்டையும் மிதவைப் பலகையையும் பிறரோடு மாற்றிக்கொள்ள விடாதீர்கள்.

சரி, எப்போது சிகிச்சை? என் கணக்கு இது. குழந்தைக்கே அவை தொல்லையாக இருந்தால், மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால் கையில்லாத சட்டை போட மறுத்தால், உரசும் இடத்தில் அடிக்கடி ரத்தம் கசிந்தால், கரப்பான் கட்டுக்கு அடங்காமல் போனால், சிகிச்சையைப் பேசலாம். பார்க்கும் பெரியவர்களுக்குக் கண்ணை உறுத்துகிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால், பெரியவர்களைத்தான் சமாதானப்படுத்துவேன்.

சிகிச்சை என்று இறங்கினால் வழிகள் சில உண்டு. காந்தாரிடின் என்பது கொப்புள வண்டு எனப்படும் பூச்சியினத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள். மருத்துவர் ஒவ்வொரு முத்தின் தலையிலும் ஒரு சொட்டு வைப்பார். வைக்கும்போது வலி இல்லை, மறுநாள் சிறு கொப்புளம் எழும்பி முத்தைத் தோலிலிருந்து பெயர்த்துவிடும். பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வந்தாலும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மொலஸ்கத்துக்கென்று 0.7 சதவீதக் கரைசலுக்கு ஒப்புதல் அளித்தது 2023-இல்தான், அதுவும் இரண்டு வயதுக்கு மேல். இதை வீட்டில் வைத்துத் தடவக் கூடாது. கண்ணருகே, வாயருகே, பிறப்புறுப்புப் பகுதியில் கூடாது. 2024-இல் பெர்டாசிமர் என்ற களிம்புக்கு ஒப்புதல் கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் அந்தக் களிம்பை வீட்டிலேயே தினம் ஒருமுறை போடலாம். இவ்விரண்டும் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. குறைந்த செறிவுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. எரிச்சல் தரும், ஆனால் பலன் உண்டு.

சுரண்டி எடுப்பதுதான் உடனடி முடிவு. சிறு வளையக் கத்தியால் முத்தை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். மூன்று நான்கு இருந்து, குழந்தையும் ஒத்துழைத்தால் நல்ல வழி. முன்கூட்டியே மரத்துப்போகும் களிம்பு பூசித் தோலை மூடி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: அந்தக் களிம்பைச் சிறு குழந்தைகளின் உடம்பில் பரப்பி நிறையப் பூசினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு. அளவை மருத்துவர் சொல்லட்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் வலி குறையுமே" என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். இருபது முத்துகளுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இமிக்விமாட் என்ற களிம்பை இன்னும் சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். குழந்தைகளிடம் நடத்திய பெரிய சோதனைகளில் அது மருந்தில்லாத வெறும் களிம்பைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை; தோல் எரிச்சல் மட்டும் மிச்சம். மொலஸ்கத்துக்கு அது வேண்டாம்.

இனி மகன்.

மருவை உண்டாக்குவது மனித பாப்பிலோமா வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ள பெருங்குடும்பம் அது. விரலிலும் பாதத்திலும் வருவதற்கு 1, 2, 4, 27, 57 போன்ற சில வகைகளே பெரும்பாலும் காரணம். கருப்பைவாய்ப் புற்றுநோய் வைரஸும் இதே குடும்பம்தானே என்று அடுத்துக் கேட்பீர்கள். குடும்பம் ஒன்று, ஆட்கள் வேறு. விரல் மரு புற்றாக மாறாது. அந்தப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் தடுப்பூசி விரல் மருவைத் தடுக்க உருவாக்கப்பட்டதும் அல்ல. தடுப்பூசியை அதற்குரிய வயதில் அதற்குரிய காரணத்துக்காகப் போடுங்கள். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் கதைதான். அதன் முதுகு சொரசொரப்பாக இருப்பது அதன் சொந்தத் தோல்.

தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், வைரஸ் நுழைந்து மேல்தோலின் அடி வரிசைச் செல்களில் ஒளிந்துகொள்ளும். மரு கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும். அதனால் "எங்கே தொற்றியது?" என்ற விசாரணை வீண். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு நகக்கண்ணைச் சுற்றியும், பிறகு உதட்டோரத்திலும் வருவதுண்டு. உங்கள் மகன் நகம் கடிப்பவனா என்று கேள்வியில் இல்லை. கடிப்பவன் என்றால், எந்த மருந்துக்கும் முன்னால் அதைக் கவனியுங்கள்.

உள்ளங்காலில் இருப்பது மருவா, கால் ஆணியா? ஆணி என்பது தொடர்ந்து அழுத்தம் விழும் இடத்தில் தோல் கெட்டிப்பது. குழந்தைகளுக்கு அது அரிது. பாதத்திலும் கைவிரல் ரேகை போன்ற கோடுகள் உண்டு. மருவின் மேல் அந்தக் கோடுகள் அறுந்துபோகும், ஆற்றின் நடுவில் பாறை கிடந்தால் ஓட்டம் விலகிப் போவது போல. ஆணியின் மேல் கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு சோதனை: நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது மரு. இது எப்போதும் பொய்க்காத விதி அல்ல, கோடுகளை நம்புங்கள்.

மருவும் தானாகப் போகும். குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓர் ஆண்டுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் மறைந்துவிடுகிறது. மரு மந்திரங்களுக்கும் கைவைத்தியங்களுக்கும் பெயர் வந்தது இதனால்தான்: எதைச் செய்துகொண்டிருந்தபோது மரு உதிர்ந்ததோ, அதற்குப் புகழ் போய்ச் சேரும். எங்கள் மருந்துகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பலித்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. சும்மா விட்டிருந்தால் போயிருப்பதைவிட வேகமாகப் போனதா என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் மருந்துகளில் முதலாவது சாலிசிலிக் அமிலம். வேகமானது அல்ல, கவர்ச்சியானதும் அல்ல. கெட்டித்த தோலை அடுக்கடுக்காக உரித்து, கூடவே அந்த இடத்தில் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புகிறது. விரலுக்கு 17 சதவீதம் அளவிலான திரவம். பாதத்தின் தடித்த தோலுக்கு 40 சதவீத பிளாஸ்திரி வரை போகலாம். உங்கள் மகனின் வலி பாதத்தில் என்பதால் அங்கிருந்து தொடங்குவேன்.

எப்படிப் போடுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டில் யாரும் அதை எழுதுவதில்லை. இரவு படுக்குமுன் ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பையனின் பாதத்தைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். மரு வெளுத்து, ஊறிய அட்டை போலாகும். துடைத்துவிட்டு, உப்புத்தாளின் சிறு துண்டாலோ நகம் தேய்க்கும் அட்டையாலோ மெதுவாகத் தேயுங்கள். வெள்ளைத் தூளாக உதிரும். அது இறந்த தோல், வலிக்காது. இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதும், ரத்தம் கசிவதற்கு முன், நிறுத்திவிடுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலினை வளையமாகப் பூசி வேலி கட்டுங்கள். பிறகு குச்சி நுனியால் மருந்தை மருவின் மேல் மட்டும் வைத்து, காய்ந்து வெண்படலமாகும் வரை பொறுத்து, மேலே பிளாஸ்திரி. மறுநாள் அதே சடங்கு. தேய்த்த தாளை அன்றே எறிந்துவிடுங்கள். அதே தாளால் வேறெங்கும் தேய்த்தால் மருவை நீங்களே விதைத்தவர் ஆவீர்கள்.

தேய்க்கும் வேலையைப் பையனிடமே கொடுத்துப் பாருங்கள். பெற்றோர் தேய்த்தால் காலை இழுத்துக்கொள்ளும் குழந்தை, தானே தேய்க்கும்போது நாக்கைத் துருத்திக்கொண்டு கடைசல்காரர் போல வேலை செய்யும். மருந்தை மட்டும் நீங்கள் வையுங்கள்; அந்தப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வையுங்கள், எளிதில் பற்றிக்கொள்ளும்.

தோல் புண்ணாகிவிட்டால் இரண்டு மூன்று நாள் ஓய்வு, பிறகு தொடரலாம். பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். பத்து நாளில் அலுத்து விட்டுவிட்டு "மருந்து பலிக்கவில்லை" என்று வருபவர்களே அதிகம். முகத்திலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ மச்சத்தின் மேலோ இதைப் போடக் கூடாது. நீரிழிவு உள்ள குழந்தைக்கும், பாதத்தில் உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.

"சுட்டுவிடலாம்" என்று இரண்டாவது மருத்துவர் சொன்னது பெரும்பாலும் திரவ நைட்ரஜனால் உறையவைப்பதைத்தான் இருக்கும். மின்சாரத்தால் சுடுவதாக இருந்தால் தழும்பு விழும் என்பதால் குழந்தைக்கு நான் முதலில் அந்தப் பக்கம் போகமாட்டேன். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி குளிர். சில விநாடிகள் பட்டாலும் தேள் கொட்டியதுபோல் எரியும். பிறகு விண்விண்ணென்று தெறிக்கும், கொப்புளம் எழும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பல முறை செய்ய வேண்டும். மாநிறமும் கறுப்புமான தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ மாதக்கணக்கில் நிற்கலாம்.

இதன் பலன் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. நெதர்லாந்தில் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பதின்மூன்று வார முடிவில் சாதாரண மருக்களுக்கு உறையவைத்தலில் 49 சதவீதம், சாலிசிலிக் அமிலத்தில் 15 சதவீதம், சும்மா விட்டவர்களில் 8 சதவீதம் குணமடைந்தனர். உள்ளங்கால் மருவிலோ 30, 33, 23 என்று மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. 2011-இல் பிரிட்டனில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் உள்ளங்கால் மருவுக்கு இரண்டையும் ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் இரண்டுக்கும் 14 சதவீதம்தான். பாதத்தில் இவ்வளவு வலியைக் கொடுத்து வாங்கும் கூடுதல் லாபம் ஏதுமில்லை என்பதே இதன் பொருள். ஆகவே உங்கள் மகனுக்குப் பாதத்தில் அமிலம். விரல்களுக்கு, அவன் தொந்தரவு என்று சொன்னால், உறையவைத்தலைப் பேசலாம். அதுவும் அவனிடம் எப்படி வலிக்கும் என்று முன்பே சொல்லி, அவன் சரி என்ற பிறகு.

அந்தக் கடைசி நிபந்தனையை நான் எங்கேயோ படித்துக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கையில் ஆறு மரு இருந்த ஒரு சிறுவனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நான் உறையவைத்தேன். ஆறில் நான்கு போயின. அடுத்த ஆண்டு அதே பையனுக்குக் காதில் சீழ் என்று அழைத்து வந்தார்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். தானாகவே போயிருக்கக்கூடிய நான்கு மருக்களுக்கு அந்த விலை அதிகம். இப்போது ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தைக்கும் நான் திரவ நைட்ரஜனை எடுப்பது அரிதினும் அரிது.

ஒட்டுநாடா வைத்தியம் பற்றியும் பலர் கேட்பார்கள். குழாய்களை ஒட்டும் வெள்ளி நிறத் துணிநாடாவை மருவின் மேல் ஆறு நாள் ஒட்டி வைத்து, எடுத்து, ஊறவைத்துத் தேய்த்து, மறுபடி ஒட்டுவது. 2002-இல் 61 பேரிடம் செய்த ஆய்வில் உறையவைத்தலையே இது முந்தியது: 85-க்கு 60 சதவீதம். உலகமே நாடா வாங்கியது. 2006-இல் நெதர்லாந்தில் 103 பள்ளிக் குழந்தைகளிடம் சோதித்தபோது 16 சதவீதம்தான் குணம். நாடா ஒட்டாதவர்களில் 6 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். நாடா மட்டும் போதும் என்று நான் சொல்வதில்லை. ஆனால் ஊசிக்கும் அமிலத்துக்கும் அஞ்சும் குழந்தைக்கு, தோலுக்கு ஒத்துக்கொண்டால், ஒட்டிப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் அசையாத மருக்களுக்கு மருவுக்குள்ளேயே ஊசி போட்டு எதிர்ப்பாற்றலைக் கிளப்பும் முறை, லேசர் என்று இன்னும் இருக்கின்றன. அவை தோல் மருத்துவரின் முடிவு. ஒன்பது வயதுப் பையனின் நான்கு மருக்களுக்கு அங்கே போக வேண்டிய தேவை இப்போது இல்லை. நூலால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் சீவுவது, காரம் தடவிச் சுடுவது ஆகியவற்றை மட்டும் வீட்டில் யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள்.

எதற்காக மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்? முகத்தில், குறிப்பாகக் கண்ணிமை விளிம்பில் வந்தால். இமையில் வரும் மொலஸ்கம் கண்ணைச் சிவந்தபடியே வைத்திருக்கும். குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைவு இருந்தால், அல்லது அதைக் குறைக்கும் மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தால். அதுபோன்ற காரணம் எதுவும் தெரியாமலே நூற்றுக்கணக்கில் பெருகினால். ஒற்றையாக வேகமாக வளர்ந்து தொட்டாலே ரத்தம் கொட்டும் சிவப்பு முளை இருந்தால். அது மருவே அல்லாத வேறொன்றாக இருக்கலாம். பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ மரு வந்தாலும் காட்டியே ஆக வேண்டும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம், குழந்தையின் கைமருவிலிருந்தோ, கழுவிவிடும் பெரியவரின் கையிலிருந்தோ வந்திருக்கலாம். யாராவது தவறாக நடந்துகொண்டதாகவும் இருக்கலாம். மருத்துவர் சில கேள்விகள் கேட்பார். அவை குற்றச்சாட்டு அல்ல, கேட்காமல் விடுவதுதான் தவறு. மொலஸ்கம் அந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் வயிற்றிலிருந்தும் தொடையிலிருந்தும் நகம் வழியாக இறங்கியதுதான். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மகனின் பாதத்தில் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைத்தான் பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேடு தட்டையானதும் போய்விட்டது என்று எண்ணி நிறுத்தினால், மிச்சமிருக்கும் ஓரத்திலிருந்து இரண்டே மாதத்தில் திரும்ப முளைக்கும். கரும்புள்ளிகள் ஒன்றுகூட இல்லாமல் போக வேண்டும். அதன் பிறகு ஓர் இரவு, மருந்து எதுவும் போடாமல், அதே கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். விலகி ஓடிய ரேகைகள் அந்த இடத்தின் மேல் மறுபடி நேராக ஓடினால், அன்றோடு நிறுத்திவிடலாம்.